மான் வேட்டைக்கு ஓசோன்: அலமாரியில் முழு வேலை, மரத்தில் அரை வேலை

மரத்தில் உட்கார்ந்து காத்திருக்கும்போது ஆள் வாடை மானின் மூக்குக்கு எட்டக்கூடாது என்று, வெள்ளைவால் மான் வேட்டைக்கு ஓசோன் மெஷின் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "மரத்தில் எவ்வளவு உயரத்தில் மாட்டணும்?" என்பதுதான். அதற்குப் பதில் இருக்கிறது, பின்னால் வருகிறது. ஆனால் கொடுத்த காசுக்கு அந்த மெஷினிடம் வேலை வாங்க வேண்டுமானால், அது மரத்தில் ஓடுவதைவிட வீட்டில், துணி மாட்டிய அலமாரிக்குள்ளோ பைக்குள்ளோதான் அதிகம் ஓட வேண்டும். ஏன் என்பது புரிந்துவிட்டால் எத்தனை நிமிடம், எங்கே, எதற்கு என்ற கேள்விகள் பாதி அடங்கிவிடும்.

ஓசோன் மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த, நிலைத்து நிற்காத மூலக்கூறு. பக்கத்தில் கிடைப்பதை ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டுத் தானும் அழியும். அதனால் வாடையை உடைக்கும் என்பது பொய்யில்லை. விளம்பரத்தில் வராதவை இரண்டு. எல்லா வாடையையும் அது ஒரே வேகத்தில் உடைக்காது. உடைப்பதற்கு நேரமும் வேண்டும்.

முதல் விஷயத்துக்கு உடம்பிலிருந்தே உதாரணம் எடுக்கலாம். தோலின் எண்ணெயில் இருக்கும் ஸ்குவாலீனில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய. ஓசோன் பாய்ந்து தாக்குவது அந்தப் பிணைப்புகளைத்தான். அக்குள் வாடைக்கு முக்கியக் காரணமான 3-மெத்தில்-2-ஹெக்சினோயிக் அமிலத்திலும் ஒரு இரட்டைப் பிணைப்பு உண்டு, கொஞ்சம் மெதுவாக என்றாலும் அதுவும் உடையும். ஆனால் சாக்ஸைக் கழற்றியதும் முகத்தில் அடிக்கிற ஐசோவலெரிக் அமிலம், அதோடு சேர்ந்த பியூட்டிரிக் அமிலம் இவற்றில் இரட்டைப் பிணைப்பே கிடையாது. ஓசோன் இவற்றை ஏறெடுத்தும் பார்க்காது. கால் வாடைக்கு மருந்து சோப்பும் தண்ணீரும்தான். துவைக்காத சாக்ஸை ஓசோன் பையில் போட்டு எடுத்தால் அது ஓசோன் வாடையும் சேர்ந்த அழுக்குச் சாக்ஸ், அவ்வளவே.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓசோன் எதையும் ஒன்றுமில்லாமல் ஆக்குவதில்லை. தோல் எண்ணெய் உடையும்போது அசிட்டோன், நோனனால், டெக்கனால் என்று புதிய பொருள்கள் வருகின்றன. டெக்கனால் ஆரஞ்சுத் தோலும் மெழுகும் கலந்த மாதிரி மணக்கும். ஓசோன் அடித்த துணியைப் பையிலிருந்து எடுத்து அப்படியே போட்டுக்கொண்டு போனால், ஒரு வாடைக்குப் பதில் இன்னொன்றைக் காட்டுக்குக் கொண்டுபோகிறோம். துணியைக் காற்றாட விடுவது அதனால்தான் கட்டாயம்.

இரண்டாவது விஷயம் நேரம். எலுமிச்சைத் தோலில் இருக்கும் லிமோனீன், ஓசோனோடு மிக வேகமாக வினைபுரியும் பொருள்களில் ஒன்று. 0.1 பிபிஎம் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஓசோன் இருக்கும் காற்றில் அதுகூடப் பெருமளவு சிதைய அரை மணி நேரம் ஆகும். இப்போது மரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். மான் 30 மீட்டர் தள்ளி, காற்று போகும் பக்கம் நிற்கிறது. காற்றின் வேகம் நொடிக்கு 1.5 மீட்டர். வாடை மானின் மூக்குக்குப் போய்ச்சேர 20 நொடி. ஓசோனைப் பத்து மடங்காக்கி, வழி முழுக்க 1 பிபிஎம் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், அந்த 20 நொடியில் லிமோனீனில் பத்தில் ஒரு பங்குதான் சிதையும். மெதுவாக வினைபுரியும் மனித வாடைகளின் கதி இன்னும் மோசம். உண்மையில் மெஷின் வாயிலிருந்து சில அடி தாண்டியதுமே திறந்த வெளிக் காற்று ஓசோனைக் கரைத்துவிடும், 1 பிபிஎம் எல்லாம் அங்கே இருக்காது.

மூடிய பைக்குள் கதை வேறு. 1 பிபிஎம் ஓசோன் என்பது ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம். 100 லிட்டர் டஃபிள் பையில் 0.2 மில்லிகிராம் இருந்தாலே 1 பிபிஎம். மணிக்கு 50 மில்லிகிராம் தரும் சின்ன மெஷின்கூட நிமிடத்துக்கு 0.8 மில்லிகிராம் கொடுக்கும். துணி எதையும் குடிக்காவிட்டால் நிமிடத்துக்கு 4 பிபிஎம் ஏறும். துணி நிறையவே குடிக்கும், அது குடிப்பதுதான் நமக்கு வேண்டிய வேலையும். அதனால் 20 முதல் 30 நிமிடம். 1.2 மீட்டர் அகலம், 0.6 ஆழம், 2.2 உயரமுள்ள அலமாரி ஏறக்குறைய 1.6 கன மீட்டர். அதற்கு மணிக்கு 300 மில்லிகிராம் மெஷின் இருந்தால் அதே அரை மணி நேரம் போதும். 50 மில்லிகிராம் மெஷினை அலமாரிக்குள் வைத்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதில் பயனில்லை. பெட்டியின் மேல் "இத்தனை சதுர அடி அறைக்கு" என்று போட்டிருப்பதை விட்டுவிட்டு, மணிக்கு எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். அதைச் சொல்லாத மெஷினை வாங்காமல் இருப்பது நல்லது.

துணிக்கு ஓசோன் கொடுக்கும் முறை

ஓசோன் துவைப்புக்கு மாற்று அல்ல, துவைத்த பிறகு வரும் வேலை. வாசனை சேர்க்காத, துணியைப் பளிச்சென்று காட்டும் பிரைட்னர் இல்லாத டிடர்ஜெண்டில் துவையுங்கள். சாஃப்ட்னர், ட்ரையர் ஷீட் கிட்டேயே வரக்கூடாது. வீட்டுத் துணிக்கு ட்ரையர் ஷீட் போடும் பழக்கம் இருந்தால், அந்த வாசனை ட்ரையரின் உள்சுவரில் ஒட்டியிருக்கும். வேட்டைத் துணியைக் கொடியில் காயப்போடுவதே மேல். நன்றாகக் காய வேண்டும். ஈரத் துணி பைக்குள் ஈரக்காற்றை உண்டாக்கி மெஷினின் உற்பத்தியைக் குறைக்கும், ஓசோனை உண்டாக்கும் உள்தகட்டையும் கெடுக்கும்.

காய்ந்த துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். அக்குள், கழுத்துப்பட்டை, தொப்பியின் நெற்றிப்பட்டை, கையுறையின் விரல் உள்ளே, பேக்பேக்கின் தோள்வாரும் முதுகுப் பட்டையும்: வாடை குடியிருப்பது இங்கேதான், ஓசோன் தொட வேண்டியதும் இதைத்தான். மடித்து அடுக்கிய துணியில் மேல் மடிப்பு மட்டும்தான் ஓசோனைப் பார்க்கும். ஹேங்கரில் விரலிடைவெளி விட்டு மாட்ட வேண்டும். பையாக இருந்தால் பாதிக்கு மேல் நிரப்பாமல், லேசாகக் கசக்கிப் போட வேண்டும். மெஷினில் விசிறி இல்லையென்றால் அலமாரிக்குள் சின்ன பேட்டரி ஃபேன் ஒன்றை வைக்கலாம். காற்று அசையாத மூலையில் இருக்கும் துணிக்கு எதுவும் போய்ச்சேராது.

30 நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். நிறுத்தியதும் திறக்காமல் இன்னொரு அரை மணி நேரம் மூடியே வையுங்கள். மிச்ச ஓசோன் துணியோடு வினைபுரிந்து தானே தீர்ந்துவிடும். அதன்பிறகு வெளியே கொண்டுபோய்த் திறந்து, துணியை உதறி, சமையல் புகையும் வண்டிப் புகையும் படாத இடத்தில் 20, 30 நிமிடம் காற்றாட விட்டு, சுத்தமான காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு மூடுங்கள். துணியில் நீச்சல்குளத்து பிளீச் மாதிரி காட்டமான வாடை நின்றால் நேரம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். இன்னும் காற்றாட விடுங்கள், அடுத்த முறை பத்து நிமிடம் குறையுங்கள். இரவு முழுக்க ஓட்டுவதால் வாடை இன்னும் போகாது. சாயமும் எலாஸ்டிக்கும்தான் போகும்.

பைன், சீடர், மண் வாசனை என்று விற்கும், ஆள் வாடையை மறைப்பதற்கான கவர் சென்ட் வில்லைகளை அதே பையில் போடுகிறவர்கள் உண்டு. பைன், சீடர் எண்ணெய்களில் இருப்பது டெர்பீன்கள், லிமோனீன் வகையைச் சேர்ந்த மணப்பொருள்கள். அவை ஓசோனை முந்திக்கொண்டு தின்றுவிடும், கூடவே ஃபார்மால்டிஹைடையும் நுண்துகள்களையும் உண்டாக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

கார்பன் சேர்த்த வேட்டை உடை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆக்டிவேட்டட் கார்பன் ஓசோனை அழிக்கும். ஓசோன் வெளியேறாமல் தடுக்கும் ஃபில்டர்களில் அதைப் போடுவதே இதற்காகத்தான். அந்த உடையைப் பையில் போட்டால் மற்றத் துணிகளுக்குப் போக வேண்டிய ஓசோனையும் அதுவே இழுத்துக்கொள்ளும். அதை லேபிளில் சொன்னபடி ட்ரையர் சூட்டில் வைத்து எடுப்பது போதும்.

எதை உள்ளே போடக்கூடாது

இயற்கை ரப்பர் முதலில். இழுவையில் இருக்கும் ரப்பரை ஓசோன் பிளக்கும், அதுவும் குறிப்பிட்ட ஒரு வகையில். ரப்பர் பூட்ஸைக் கையில் எடுத்து, கணுக்காலில் மடியும் இடத்தை லேசாக வளைத்துப் பாருங்கள். இழுவைக்குக் குறுக்கே, முடி கனத்தில், ஒன்றுக்கொன்று இணையாகச் சின்னக் கீறல்கள் வரிசையாகத் தெரிந்தால் அது ஓசோன் வேலை. முதலில் வளைத்தால்தான் தெரியும், பிறகு நேராக நிற்கும்போதே வாய் பிளக்கும், கடைசியில் ஓடையைத் தாண்டும்போது சாக்ஸ் நனையும். பூட்ஸை பேக்கிங் சோடா கலந்த தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, இன்சோலை மட்டும் உருவி ஓசோனுக்குக் கொடுங்கள். நியோப்ரீன் இதைவிடத் தாங்கும். சிலிகானும் டெஃப்லானும் நன்றாகவே தாங்கும்.

அதே காரணத்தால் பைனாகுலரின் ரப்பர் கண்கோப்பை, வில்லின் நாணில் குறிபார்க்க வைக்கும் பீப் சைட்டில் கட்டும் ரப்பர் குழாய், லேடெக்ஸ் கையுறை, இடுப்பு எலாஸ்டிக் இவையெல்லாம் வெளியே. தோல் பொருள்கள், தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர், போன், சாப்பாடு இவையும் வெளியே. எல்லாவற்றுக்கும் மேலே, மரத்தில் ஏறும்போது உயிரைப் பிடித்திருக்கும் பாதுகாப்பு ஹார்னெஸ். நைலான் நாடாவை ஓசோன் காலப்போக்கில் பலவீனமாக்கும், கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. தயாரிப்பாளர் எழுத்தில் சரி என்று சொல்லாதவரை ஹார்னெஸை ஓசோனில் வைக்காதீர்கள். கையால் அலசி நிழலில் காயப்போட்டால் போதும்.

மெஷினைப் பார்த்துக்கொள்வது

சந்தையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை கரோனா டிஸ்சார்ஜ் வகை: உயர் மின்னழுத்தம் ஓடும் செராமிக் தகட்டைக் கடக்கும் காற்று ஓசோனாகிறது. சில, 185 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் வேலை செய்பவை. தகடு வகைக்கு எதிரி ஈரப்பதம். ஈரக்காற்றில் ஓசோன் குறையும், காற்றிலிருக்கும் நைட்ரஜனிலிருந்து நைட்ரிக் அமிலமும் கொஞ்சம் உண்டாகும். தகட்டின் ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதுதான் காரணம். பிளக்கைப் பிடுங்கி, சில நிமிடம் விட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே மறுபடி போட வேண்டும். ஆல்கஹால் ஈரத்தோடு போட்டால் பொறி பற்றும். சீரான "ஸ்ஸ்" சத்தம் போய் விட்டுவிட்டு "டிக் டிக்" என்று கேட்டால் தகட்டில் ஈரமோ விரிசலோ இருக்கிறது, உடனே நிறுத்துங்கள்.

"மூக்கில் ஓசோன் மணம் வரவில்லை, மெஷின் போய்விட்டது" என்று முடிவுகட்ட வேண்டாம். மூக்கு சீக்கிரம் பழகிவிடும். பொட்டாசியம் அயோடைடும் ஸ்டார்ச்சும் தடவிய சோதனைத்தாள் கிடைக்கும். லேசாக நனைத்து மெஷின் வாயருகே காட்டினால் ஓசோன் இருந்தால் நீல ஊதாவாக மாறும். பருவம் தொடங்கும்போது ஒரு தாள், நடுவில் ஒரு தாள், நிறத்தை ஒப்பிட்டாலே உற்பத்தி குறைந்திருப்பது தெரிந்துவிடும்.

மூச்சு

அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பு முகமையான ஓஷா வைத்திருக்கும் வரம்பு, 8 மணி நேரச் சராசரியாக 0.1 பிபிஎம். 5 பிபிஎம் என்பது உயிருக்கு உடனடி ஆபத்து என்று அங்குள்ள வேலையிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் குறித்திருக்கும் அளவு. பைக்குள் சில நிமிடத்தில் அந்த அளவு வரக்கூடும் என்பதை மேலே உள்ள கணக்கே சொல்கிறது. ஓடும் பையைத் திறந்து முகத்தைக் கொடுத்து மோந்து பார்ப்பது சுத்த முட்டாள்தனம். அலமாரி படுக்கையறையில் இருந்தால் கதவு இடுக்கை டேப் போட்டு அடைத்து, அறை ஜன்னலைத் திறந்து, ஆள் வெளியே போய்விட வேண்டும். நாய், பூனை, குறிப்பாகக் கூண்டுப் பறவை அந்த அறையில் இருக்கவே கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இந்த வேலையை கராஜுக்கோ ஷெட்டுக்கோ மாற்றிவிடுங்கள்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ரொம்ப நாளாகச் சொல்லிவருவதும் இதைத்தான்: சுவாசிக்கப் பாதுகாப்பான அளவில் ஓசோன் காற்றிலுள்ள மாசை நீக்கப் பெரிதாக உதவாது. வேட்டைக்காரர் கண்ணோடு பார்த்தால், ஆள் இருக்கும் இடத்தில் வேலை செய்யும் அளவுக்கு ஓசோன் இருக்கக்கூடாது, ஆள் இருக்கத் தக்க அளவில் ஓசோன் வேலை செய்யாது.

வண்டிக்கும் இதே விதி. லைட்டர் சாக்கெட்டில் செருகும் 12 வோல்ட் மெஷினைப் போட்டுக்கொண்டு ஜன்னல் மூடி ஓட்டாதீர்கள். 3 கன மீட்டர் கேபினில் மணிக்கு 50 மில்லிகிராம் என்பது பத்து நிமிடத்துக்குள் 1 பிபிஎம்மைத் தொடக்கூடிய வேகம். முந்தின நாள் சாயங்காலம் ஆளில்லாமல் அரை மணி நேரம் ஓட்டி, கதவுகளைத் திறந்து அரை மணி நேரம் விடுங்கள். பெட்ரோல் பங்கில் நின்றால் வேட்டை உடையோடு இறங்காதீர்கள். இந்த ஒரு பழக்கம் எந்த வண்டி மெஷினையும்விடப் பலன் தரும்.

மரத்தில்

இவ்வளவுக்குப் பிறகும் மரத்தில் மாட்டத்தான் போகிறீர்கள் என்றால், தலைக்கு மேலே ஓர் அடிக்குள், வாய் காற்று போகும் பக்கம் பார்த்து, லேசாகக் கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டுங்கள். ஓசோன் காற்றைவிடக் கனமானதுதான், ஆனால் காற்றில் இவ்வளவு கரைந்தபின் கனம் கணக்கில்லை. உங்கள் வாடை போகும் பாதையும் ஓசோன் போகும் பாதையும் ஒன்றாக இருந்தாக வேண்டும், நோக்கம் அதுதான். அந்தப் பாதையைக் கண்டுபிடிக்க மில்க்வீட் பஞ்சு போல எதுவும் இல்லை. நம் எருக்கோடு உறவுள்ள செடி, பஞ்சும் அதே மாதிரி மிதக்கும். ஒரு இழையை விட்டு 30 மீட்டர் வரை கண்ணால் தொடருங்கள். காற்றுத் திசை பார்க்கப் பிதுக்கும் பவுடர் புட்டி மூன்று மீட்டருக்கு மேல் எதையும் காட்டாது, பஞ்சோ காற்று எங்கே சுழல்கிறது, எங்கே இறங்குகிறது என்றெல்லாம் காட்டிவிடும். சரிவுகளில் காலை வெயில் ஏறியதும் காற்று மேலேறும், சாயங்காலம் குளிர்ந்து பள்ளத்துக்கு இறங்கும். அந்த இறக்கத்தில் வாடை ஓடைப்பக்கம் போய்த் தேங்கும். மானும் அங்கிருந்துதான் வரும். இதற்கு ஓசோன் உதவாது, வேறு மரம்தான் உதவும்.

காற்று திரும்பினால் மெஷினையும் திருப்ப வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில், சத்தமில்லாமல் சுழலும் கையில் மாட்டியிருந்தால்தான் அது நடக்கும். மாட்டும் கிளாம்பில் உலோகத்தோடு உலோகம் உரசும் இடத்தில் துணி டேப் சுற்றுங்கள். எல்இடி விளக்கை டேப்பால் மூடுங்கள். அசைவற்ற குளிர்காலை அமைதியில் விசிறியின் முனகலை மான் கேட்கும், வேகத்தை ஒரு படி குறையுங்கள். குளிரில் லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு குறையும் என்பதால் மாற்று பேட்டரி பேக்பேக்கில் கிடக்காமல் ஜாக்கெட்டின் உள்பையில் இருக்கட்டும். தொண்டை கரகரத்தாலோ, நெஞ்சு இறுகினாலோ, ஓசோன் மணம் காட்டமாக வந்தாலோ மெஷின் உங்கள் பக்கம்தான் ஊதிக்கொண்டிருக்கிறது. நிறுத்திவிட்டுப் பஞ்சு விட்டுப் பாருங்கள்.

தரையில் போட்டு ஒளிந்திருக்கும் பிளைண்ட் கூடாரத்தில் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் அது பாதி மூடிய பை. ஆளில்லாதபோது கூடாரத்துணியின் புதுப் பிளாஸ்டிக் வாடையை எடுக்க உள்ளே ஓட்டலாம். ஆள் உட்கார்ந்தபின் மெஷின் காற்று போகும் பக்கத்து ஜன்னலில், வெளியே ஊதும்படி மட்டும் இருக்க வேண்டும். உள்ளே சுழலவிடுவது உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொள்ளும் இருமல்.

மெஷின் எட்டவே எட்டாதவையும் உண்டு. மூச்சுக்காற்று நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து முறை புதிதாக வந்துகொண்டே இருக்கிறது. வரும் வழியில் கை பட்ட கிளை, முழங்கால் உரசிய புல், பூட்ஸ் பதிந்த மண் எல்லாம் மெஷினுக்குப் பின்னால் விட்டுவந்தவை. மான் நடக்கும் தடத்தைக் குறுக்கே வெட்டாமல் வரும் வழி, கிளையைத் தொடாமல் குனிந்து வரும் பழக்கம் இவை வேண்டும். வேர்க்காமல் வருவதும் அதில் அடக்கம். கனத்த ஜாக்கெட்டைப் பையில் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்து, மரத்தடியில் உடம்பு ஆறிய பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

மெஷின் வேலை செய்கிறதா என்று மானைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதிலும் நிதானம் வேண்டும். காற்று போகும் பக்கம் ஒரு மான் தலை தூக்காமல் மேய்ந்தால் அது ஓசோனின் வெற்றியாக இருக்கலாம், வாடை அதன் தலைக்கு மேலே போயிருக்கலாம். தலையைத் தூக்கி மூக்கை நக்கி, முன்காலைத் தரையில் தட்டி, சுற்றிக்கொண்டு உங்கள் காற்று போகும் பக்கம் வரப் பார்த்தால் ஏதோ பட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிமிடத்தில் ஒரு பஞ்சு இழையை விட்டு அது எங்கே போகிறது என்று பார்த்தால்தான் ஏதாவது கற்றுக்கொள்ள முடியும்.

பருவம் முடிந்ததும் தகட்டைத் துடைத்து, காயவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மெஷினை மூடி வையுங்கள். பேட்டரியைக் கழற்றிப் பாதி சார்ஜில், வெயில் படாத குளிர்ந்த இடத்தில் தனியாக வையுங்கள். முழு சார்ஜிலோ காலியாகவோ பல மாதம் கிடந்த பேட்டரி அடுத்த அக்டோபரில் ஒரு காலைக்குக்கூட வராது.